யூனிகார்ன் அறைச் சாவி

மொகாலியில் தீப்பிடித்த கதையை நான் நன்றாகச் சொல்வேன். கொச்சியின் தேவரா ஜங்ஷனில் மாலை நடை முடித்து டீ குடிக்கக் கூடும் எங்கள் ரிட்டயர்டு கூட்டத்தில் யாராவது செமிகண்டக்டர் என்ற சொல்லைப் பேச்சுவாக்கில் உதிர்த்தால் போதும், தொடங்கிவிடுவேன். சண்டிகரை ஒட்டி, பஞ்சாபின் மொகாலியில், செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் என்று மத்திய அரசின் ஆலை ஒன்று இருந்தது. 1984-ல் உற்பத்தி தொடங்கியது. 1989 பிப்ரவரியில் ஒரு நாள் எரிந்து போனது. எப்படிப் பிடித்தது தீ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். திரும்ப எழுந்து நிற்பதற்குள் தொண்ணூறுகள் பெரும்பாலும் கழிந்துவிட்டன. அதற்குள் தைவானும் கொரியாவும் எங்கோ போய்விட்டன. இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவேன். எதிரே இருப்பவரும் விடுவார்.

பிறகு யூனிகார்னுக்கு வருவேன். இது பலருக்குத் தெரியாத கதை என்பதால் சொல்வதில் தனி ருசி. 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்ன கம்பெனி பி.பி.சி. மைக்ரோ என்றொரு கம்ப்யூட்டரை வெளியிட்டது. 6502 பிராசசர், மாடல் பி-யில் 32 கே மெமரி, மேல்வரிசையில் சிவப்பு நிறத்தில் பத்து ஃபங்ஷன் கீ. பி.பி.சி. தொலைக்காட்சி நடத்திய கம்ப்யூட்டர் எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பிறந்த பெட்டி. அங்கே பள்ளிக்குப் பள்ளி அதுதான். 1984-85ல் நம் நாட்டிலும் ‘கிளாஸ்’ என்ற திட்டம் வந்தது. முதலில் 250 பள்ளிகள். எந்த மெஷின் என்றபோது பி.பி.சி. மைக்ரோ தேர்வானது. இங்கேயே செய்வோம் என்றார்கள். 1985 ஜனவரியில் ஏகார்னிலிருந்து உதிரிப் பாகங்கள் கிட்டாக வந்தன. முதல் ஆயிரம் மெஷின்களை அவற்றைக் கொண்டு பூட்டுவது, அதன்பின் மொகாலி ஆலையில் முழு உற்பத்தி, சில்லுகூட நம்முடையது என்பது ஏற்பாடு. அந்த நகலுக்கு வைத்த பெயர்தான் எஸ்.சி.எல். யூனிகார்ன்.

கிட் வந்த மறுமாதமே ஏகார்ன் கடனில் மூழ்கி, இத்தாலியின் ஒலிவெட்டி அதில் ஏறக்குறையப் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டது. உலகம் ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டருக்குச் சாய்ந்தது. மொகாலி எரிந்தது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டம் வந்தபோது பள்ளிகளுக்கு வேறு கம்ப்யூட்டர் என்று ஆயிற்று. அதுவரை மொத்தம் 12,000 பி.பி.சி. மைக்ரோக்கள் வந்து பள்ளிகளுக்குப் போயிருந்தன. முழுக்க முழுக்க இந்தியாவில் செய்த யூனிகார்ன் என்பது மட்டும் நடக்கவே இல்லை.

இதுவரை சொன்னதில் பொய் கிடையாது. கதையை முடிக்கும்போதுதான் பொய் சொல்வேன். “அப்படித்தான் எங்க ஸ்கூல் கம்ப்யூட்டரும் செத்துப் போச்சு” என்பேன்.

எங்கள் பள்ளி மெஷின்கள் அப்படிச் சாகவில்லை. அவற்றைப் பூட்டி வைத்தவன் நான். மொகாலியில் தீப்பிடிப்பதற்கு வெகு முன்பே, ஏகார்ன் யார் கைக்குப் போனது என்று எனக்குத் தெரிவதற்கும் முன்பே, கணக்கு வாத்தியாரான என் பாக்கெட்டில் அந்த அறையின் சாவி இருந்தது.

மெஷின் வருவதற்கு முன் எங்களில் சிலரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள். அதுவரை கால்குலேட்டரைத் தவிர எதையும் தொட்டதில்லை. முதல் நாள் எதையோ தப்பாக அடித்தேன். திரையில் ‘மிஸ்டேக்’ என்று ஒற்றை வார்த்தை வந்தது. பி.பி.சி. பேசிக்குக்குப் புரியாததை அடித்தால் அப்படித்தான் சொல்லும், எல்லோருக்கும் சொல்லும். எனக்கு மட்டும் சொன்னதாகப் பட்டது. பதினைந்து வருடம் கரும்பலகை முன் நின்றவனுக்கு, பக்கத்தில் இருக்கும் இளம் டீச்சர் பார்க்கும்படி ஒரு பெட்டி அப்படிச் சொல்வது பிடிக்கவில்லை. மிச்ச நாட்கள் நோட்டில் எழுதிக்கொண்டேன். கீபோர்டைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் தள்ளிவிட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள்.

பள்ளிக்கு மெஷின் வந்தபோது நான்தான் ‘கம்ப்யூட்டர் மாஷ்’, அதாவது கம்ப்யூட்டர் வாத்தியார். பழைய மேப்புகளும் குளோபும் கிடந்த அறையைக் காலி செய்து, ஸ்டெபிலைசர் வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, தையல் டீச்சரிடம் சொல்லி துணி உறை தைத்துக்கொண்டேன். செருப்பை வெளியே விட வேண்டும். தேவராவில் மழைக்காலத்து ஈரம் எதையும் விடாது. காயலிலிருந்து வரும் காற்றில் உப்பு வேறு. ஃபிளாப்பியில் பூசணம் பிடித்துவிடும் என்று அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டேன். இதையெல்லாம் சிரத்தையாகச் செய்தேன். மெஷினைப் பாதுகாக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. மெஷினை வைத்து என்ன செய்வது என்பது தெரியவில்லை.

தலைமையாசிரியர் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் வைத்தோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். பயிற்சியில் எழுதிக்கொண்ட வாய்ப்பாட்டு புரோகிராமைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். முக்கால்வாசி முடிந்திருக்கும். அந்த மெஷினில் சிவப்பு கீக்களின் வரிசை முடியும் இடத்தில், வலது கோடியில், ‘பிரேக்’ என்று ஒரு கீ. ஏன் அதை அங்கே வைத்தார்களோ! என் விரல் அதில் பட்டது. பீப் என்றது. திரை துடைத்துப் போட்டதுபோல் வெறுமையாகி, மேலே பெட்டியின் பெயர் மட்டும் நின்றது.

எனக்கு வியர்த்துவிட்டது. மெஷின் போயிற்று என்றே நினைத்தேன். அரசாங்கச் சொத்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. அப்போது சுவரோரத்திலிருந்து தமிழில் ஒரு குரல், மெதுவாக: “ஓல்டுனு அடிங்க சார், வந்துடும்.”

அடித்தேன். பிறகு ‘லிஸ்ட்’ அடித்தேன். புரோகிராம் அத்தனையும் வரிவரியாக வந்து நின்றது. பிரேக் அழுத்தினால் புரோகிராம் மெமரியை விட்டுப் போவதில்லை, ‘ஓல்டு’ என்றால் மீட்டுத் தரும். யூசர் கைடில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஸ்பைரல் போட்ட அந்தத் தடித்த புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் வைத்திருந்தோம், வெளியே தருவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றபடியே படித்திருக்கிறான் பையன். நான் படிக்கவில்லை. தலைமையாசிரியர் அவன் தோளில் தட்டி “மிடுக்கன்”, கெட்டிக்காரன், என்றார். என்னைப் பார்த்தும் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

பையன் கொச்சி வேளிப் பக்கத்தவன். அங்கே துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. டச்சுக்காரர்கள் காலத்தில் வந்தவர்கள் என்று சொல்வார்கள். தோப்பும்படி பாலம் கடந்து, வில்லிங்டன் தீவு வழியாக இரண்டு பஸ் மாறி தேவராவுக்கு வருவான். என் அப்பா மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிக் கணக்குப்பிள்ளை. எங்கள் வீட்டுத் துணி வெளுத்ததும் அவர்கள் தெருவில்தான். என் சட்டைக் காலரின் உட்புறம் அவர்கள் போட்ட குறி இருக்கும். என்னைத் தமிழில் ‘சார்’ என்று கூப்பிடும் மாணவர்கள் அதிகம் கிடையாது. அவன் கூப்பிட்டான். முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்கும்.

சாதியால்தான் அவன்மேல் எரிச்சல்பட்டேனா என்று கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஊர் டாக்டரின் மகன் அன்று “ஓல்டுனு அடிங்க” என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லவும் சொல்லியிருப்பேன் என்று மட்டும் தெரியும்.

அன்று மாலையே பூட்டு மாற்றினேன். பெரிய பூட்டு. காரணம் கேட்டவர்களிடம் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, சர்வீஸுக்கு ஆள் வர வேண்டும், மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும் தேர்வு. தேர்வு முடிந்ததும் விடுமுறை. எட்டு ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர் பீரியடில் கரும்பலகையில் படம் வரைந்தேன்: இன்புட் ஒரு கட்டம், பிராசசிங் ஒரு கட்டம், அவுட்புட் ஒரு கட்டம், நடுவே அம்புக்குறி. அழகாக வரைவேன். இடதுபுறச் சுவருக்கு அப்பால் உண்மையான மெஷின் உறைக்குள் உட்கார்ந்திருக்கும்.

அறை எனக்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலேயே நன்றாக ஓடும் மின்விசிறி அங்கேதான். மதியம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மானிட்டர் உறைமேல் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்துவேன். சில நாள் தூங்குவேன். வெளியே பிள்ளைகள் “மாஷ் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கிறார்” என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போவது கேட்கும்.

பயன்பாட்டு ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. தேதி, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, எத்தனை மணி நேரம், கையெழுத்து. மேலே அனுப்ப வேண்டிய காலம் நெருங்கும்போது ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்புவேன். சந்தேகம் வரக்கூடாது என்று நீல மை, கறுப்பு மை மாற்றி மாற்றி. ஞாயிற்றுக்கிழமை வராமல் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை ஓண விடுமுறையில் ஒரு வகுப்பே பயிற்சி பெற்றதாக எழுதி, பிறகு கிறுக்கித் திருத்தினேன். ‘கருத்து’ என்ற பத்தியில் “மாணவர்களிடம் நல்ல ஆர்வம்” என்று எழுதுவேன். ஆர்வம் என்னவோ உண்மை. இப்படி எத்தனை பள்ளி ரிஜிஸ்டர்கள் சேர்ந்து டெல்லியில் ஒரு புள்ளிவிவரமாக ஆகியிருக்குமோ. அந்தப் புள்ளிவிவரத்தைத் திட்டிக் கட்டுரை எழுதியவர்களை நானும் பின்னாளில் கைதட்டி ஆமோதித்திருக்கிறேன்.

பையனுக்கு வருகிறேன். அறை பூட்டிக் கிடப்பது அவனைத் தடுக்கவில்லை. நூலகத்தில் நின்று படித்தபடியே இருந்தான். ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டினான். புரோகிராம். பத்து, இருபது, முப்பது என்று வரி எண் போட்டு, மெஷினில் அடிப்பது மாதிரியே எல்லாம் பெரிய எழுத்தில். அவன் அப்பாவின் கணக்கு அது. எந்த லாட்ஜிலிருந்து எத்தனை பெட்ஷீட், எத்தனை தலையணை உறை, உருப்படிக்கு என்ன கூலி, மாதக் கடைசியில் யார் எவ்வளவு பாக்கி. வீடுகளின் குறிகளை டேட்டா வரிகளில் போட்டு, ரீட் போட்டு எடுத்து, ஃபார் நெக்ஸ்ட் சுற்றில் கூட்டியிருந்தான். அவன் சொன்னதால்தான் இவ்வளவும் தெரியும். “சார், இதை மெஷின்ல அடிச்சுப் பாத்துச் சொல்றீங்களா, ஓடுதான்னு?” என்றான்.

அடித்துப் பார்க்க அரை மணி ஆகியிருக்கும். அவனையே உள்ளே விட்டிருந்தால் பத்து நிமிடம். நோட்டை வாங்கி மேசை டிராயரில் போட்டேன். இரண்டு மூன்று தடவை வந்து கேட்டான். நான்காவது தடவை டிராயரைத் திறந்து, நோட்டைப் பிரித்து, வரி எண்களின்மேல் கண்ணை ஓட்டி, “அடிச்சுப் பாத்தேன். நாப்பதாவது வரியில எர்ரர் வருது. சரி பண்ணிக் கொண்டா” என்றேன்.

மறுநாளே கொண்டுவந்தான். அந்த வரியை மூன்று விதமாக மாற்றி எழுதி, எது சரியென்று தெரியாமல் மூன்றையும் கொண்டுவந்திருந்தான். கண் சிவந்திருந்தது. “எழுபதாவது வரியிலயும் இருக்கு” என்றேன். அதன்பின் அவன் வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அதே வருடங்களில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். படிக்கப் படிக்க எரிந்தது. புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸின் இந்திய நகலைக் கொண்டுவந்தது. பி.பி.சி. மைக்ரோவுக்கே டால்ஃபின் என்று இன்னொரு இந்திய நகல் இருந்தது. அதில் ஃபங்ஷன் கீ நீலம். பிரேசிலில் டி.கே. 90 எக்ஸ், ருமேனியாவில் எச்.சி. 85. சோவியத் ஊர்களில் பையன்கள் கள்ளத்தனமாகச் சுற்றிவந்த சர்க்யூட் படங்களை வைத்து, சந்தையில் பொறுக்கிய சில்லுகளைச் சமையலறை மேசையில் பற்றவைத்து, லெனின்கிராட், பெண்டகன் என்று சொந்தமாக நகல் செய்தார்கள். உரிமம் கிடையாது, அரசாங்கம் கிடையாது, கைடு கிடையாது. எங்களுக்கோ உரிமத்தோடு, பயிற்சியோடு, கைடோடு, லாரியில் வந்து இறங்கியது. கேம்பிரிட்ஜில் 1985 ஏப்ரலில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் முதல் ஏ.ஆர்.எம். சில்லை ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று நம் எல்லோர் கைப்பேசியிலும் இருப்பது அதன் வாரிசு. நான் விடைத்தாள் வைத்துத் திருத்திய மெஷினும் அதே வகைதான்.

திட்டத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சில மெஷின்கள். பயிற்சி போதாது. வந்த பாடங்கள் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. பழுதானால் ஆள் வர மாதக்கணக்கு. இவை எல்லாவற்றையும் டீக்கடையில் நான் சொல்வதுண்டு, சரியாகவே சொல்வேன். ஆனால் எங்கள் மெஷின் ஒருநாளும் பழுதாகவில்லை. பழுதாவதற்கு யாராவது தொட்டிருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் கண்டெம் செய்து ஏலம் விட்டபோது, எடுத்துப் போக மட்டாஞ்சேரியிலிருந்து வந்த பழைய சாமான்காரர் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கீயெல்லாம் புத்தம்புதுசாக இருக்கிறதே, ஏன் மாஷே கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அரசாங்கத் தீர்மானம் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக மொகாலித் தீயைப் பற்றி ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே எடை போட்டார்.

போன வருடம், தேவரா பஸ் ஸ்டாப்பில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்து காலைத் தொட்டார். வேளிப் பையன். வில்லிங்டன் தீவில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாராம். கூட மனைவி. “எனக்கு முதமுதல்ல கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது சார்தான்” என்று அவளிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அந்த நாப்பதாவது வரியில அப்படி என்னதான் தப்பு? நானும் எவ்வளவோ யோசிச்சுட்டேன்” என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் மனைவி நின்றாள். “கமா ஒண்ணு விட்டுட்டேப்பா” என்றேன்.

“பாத்தியா, ஒரு கமா!” என்று மனைவி பக்கம் திரும்பி அவர் சந்தோஷமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கமா விட்டிருந்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வரியைப் படித்ததே இல்லை.